நடிகைக்கு ஓம் பழக்கிய கதை

இந்தியாவில் பெயர்பெற்ற நடிகை ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து, என் வேடத்தில் நடித்துவிட்டுப் போனார். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "மெய்யாத்தானோ?" என்பார்கள். மெய்தான். "உமக்குக் கோபம் வரேல்லையோ?" என்று அடுத்ததாகக் கேட்பார்கள். வரவில்லை. குழாயடியில் யாராவது என் குடத்தை நகர்த்தி வைத்தால் வருகிற கோபத்தில் கால்வாசிகூட வரவில்லை. என்னிடம் கோபத்துக்குப் பஞ்சமில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அண்ணனோடு சம்பந்தப்பட்ட எதற்கும் கோபமோ அழுகையோ வருவது எனக்கு நின்றுபோயிருந்தது. விறைத்த காலை ஊன்றி நடப்பது போலத்தான் அந்த நாட்களில் நடமாடிக்கொண்டிருந்தேன்.

அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாம் வகுப்பை முடிக்கும் முன்னரே எங்கள் குடும்பம் மன்னார்க் கரையோர ஊரான அரிப்பிலிருந்து வள்ளம் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது. அங்கே முகாமில் வளர்ந்தோம். அண்ணன் என்னைவிட நன்றாக மூத்தவன். சமாதான காலம் வந்தபோது, "வீடு நிக்குதோ எண்டு பாத்திட்டுச் சொல்லுறன்" என்று அவன் மட்டும் ஊருக்குத் திரும்பினான். வீடு நிற்கவில்லை. கடல் இருந்தது, அதனால் தொழிலுக்குப் போனான். பிறகு வன்னிப் பக்கம் படகுகள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியிடம் வேலைக்குப் போனான். வன்னிப் பாதையைப் பூட்டினார்கள், சண்டை தொடங்கியது, சண்டை முடிந்தது. அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. சண்டைக்குள்ளிருந்து சனத்தை ஏற்றிவந்த பஸ்ஸிலிருந்து அவன் இறங்கியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவன் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை என்று இன்னொருவர் சொன்னார்.

அப்பாவை முகாமுக்குப் பக்கத்துச் சேமக்காலையில் புதைத்துவிட்டு, அம்மாவும் நானும் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுத் திட்டத்துக்காக வந்தோம் என்று சிலர் நினைத்தார்கள். அவனைத் தேடத்தான் வந்தோம். கேட்கக்கூடிய அரசாங்கக் கந்தோர்களில் எல்லாம் கேட்டோம். கதிரையில் இருக்கச் சொன்னார்கள், இருந்தோம். போகச் சொன்னார்கள், வந்தோம்.

சமாதான காலத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் ஊருக்குப் பக்கத்துச் சிலாவத்துறையில் ஒரு கொமினிக்கேசன் கடையிலிருந்து, முகாமுக்கு முன்னாலிருந்த டெலிபோன் பூத்துக்குப் போன் எடுப்பான். நான்தான் ஓடிப்போய் ரிசீவரைத் தூக்குவேன்.

"சாப்பிட்டியோடி?"

"ஆமா."

"எதை, ஆமையையோ?"

முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். என் வாயில் ஊரில் சொல்லும் ஓம் வராது, ஆமாதான் வரும். அண்ணனுக்கு அது பெரிய பகிடி. ஊருக்குப் போனதும் அவன் பேச்சு முழுக்க ஊர்ப்பேச்சாகிவிட்டது. நான் ஆமா சொல்லவேண்டும் என்பதற்காகவே கேள்விகளை யோசித்துக்கொண்டு வந்து எடுப்பான். அம்மா சுகமோ? ஆமா. அங்க மழையோ? ஆமா. "நல்ல பெரிய ஆமையொண்டு போனில கதைக்குது" என்று கொமினிக்கேசன்காரருக்குச் சொல்லிச் சிரிப்பது எனக்கும் கேட்கும். போகப் போக என் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டான். நான் ஆமையாகவே ஆகிவிட்டேன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ரிசீவரை அம்மாவிடம் நீட்டிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பேன்.

கடைசியாக அவன் வன்னியிலிருந்து எடுத்தபோது லைன் ஒரே இரைச்சலாக இருந்தது. "நான் கதைக்கிறது கேக்குதோ?" என்றான். "ஆமா" என்றேன். லைன் அறுந்துவிட்டது. அந்த ஒரு தடவை அவனுக்கு ஆமை சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

படம் எடுக்க வந்த டைரக்டர் கொழும்புக்காரர், தமிழர், என்னைவிட இளையவர். அவருக்குப் பின்னால் கம்பனி ஒன்றும் இல்லை. சில சிநேகிதர்களும் அடிக்கடி நின்றுபோகிற ஒரு வானும்தான் இருந்தன. மீளக்குடியேறியவர்களைப் பற்றிப் படம் எடுக்கவேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கதை கேட்டார். எங்கள் கதையைக் கேட்க வருகிறவர்கள் பொதுவாகத் தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இவர் தலையை நேராக வைத்திருந்தார். அதனால் சொன்னேன். ஆமைக் கதையையும் சொன்னேன்.

"அக்கா, இதுதான் படம்" என்றார் கேட்டு முடித்ததும். "அண்ணனைத் தேடுற தங்கச்சி. அந்த போன் கதை அப்படியே வரும். தங்கச்சியா நீங்களே நடியுங்கோ."

நான் ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். அண்ணன் எங்கேயாவது உயிரோடு இருந்தால், நாங்கள் இன்னும் முகாமில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பான். அந்த பூத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள். அவன் இருக்கும் இடம் எங்களுக்குத் தெரியாது, நாங்கள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியாது. ஆனால் அவன் இந்தப் படத்தைக் காண நேர்ந்து, அதில் ஒருத்தி போனில் ஆமா என்று சொல்ல, ஒருவன் ஆமையையோ என்று கேட்டால், அவனுக்கு விளங்கிவிடும். வேறு யாருக்கும் அது வெறும் பகிடி. அவனுக்கு மட்டும் அது நாங்கள் கூப்பிடுவது. படம் எடுத்தவர்களைப் பிடித்தாவது எங்களிடம் வந்துவிடுவான். இதை டைரக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். "அப்பிடி நடந்தா எனக்கும் சந்தோசம்தான் அக்கா. ஆனா நான் வாக்குத் தரமாட்டன்" என்றார். வாக்குத் தராதவர் என்பதாலேயே அவரை நம்பினேன்.

எங்கள் வேதக்கோயில் வளவில் வேப்பமரத்தடியில் கமராவைப் பூட்டினார்கள். என் பெயரைச் சொல்லச் சொன்னார்கள்.

"சொல்றேங்க சார்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "திரும்ப ஒருக்கா" என்றார் டைரக்டர். "அண்ணன் எப்ப ஊருக்குப் போனவர்?"

"அவரு போயி ரொம்ப வருசமாச்சுங்க சார்."

என் காதாலேயே கேட்கிறேன், நிறுத்த முடியவில்லை. முகாமில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். பதிவு பார்க்க வருகிற அதிகாரிக்கு முன்னால், பஸ்ஸில், வேலை கேட்டுப் போன இடத்தில், ஊர்ப்பேச்சு வாயில் வந்தால் எதிரே நிற்பவரின் முகம் மாறிவிடும். அதனால் யாராவது எங்களைக் குறிவைத்துப் பார்த்தால் நாக்கு தானாகவே உடுப்பு மாற்றிக்கொள்ளும். அரிப்புக்குத் திரும்பிய பிறகு அயலவர்களோடு கதைத்துக் கதைத்து எனக்கு ஊர்ப்பேச்சு பெரும்பாலும் வந்துவிட்டிருந்தது. ஆமா மட்டும் போகவில்லை. அது போகவேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. கமராவைக் கண்டதும் மற்றதெல்லாம் போய் முழு முகாம்காரியாகிவிட்டேன். டைரக்டர் கமராவை வேலிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார், வானுக்குள் வைத்துப் பார்த்தார். எங்கே வைத்தாலும் என் முதுகுக்கு அது தெரிந்தது.

"அக்கா, நீங்கள் மரத்துக்குக் கீழ அரிப்புக்காரி. கமரா வந்தா மதுரைக்காரி" என்று தலையில் கையை வைத்தார்.

அதற்குப் பிறகு சில கிழமைகள் அவரைக் காணவில்லை. திரும்பி வந்தபோது செத்த வீட்டுச் செய்தி கொண்டுவந்தவர் மாதிரி முற்றத்தில் நின்றார். முகம் தெரியாத ஆட்களை வைத்து எடுத்தால் இந்தப் படத்தை ஒருவரும் போடமாட்டார்கள் என்று அவருடைய சிநேகிதர்கள் சொல்லிவிட்டார்களாம். இந்தியாவில் பெயர்பெற்ற ஒரு நடிகை கதையைக் கேட்டுவிட்டு, தானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். நடிகையின் பெயரைச் சொன்னார். அம்மாவுக்கே தெரிந்த பெயர். முகாமில் ஒரே டீவிக்கு முன்னால் சனம் எல்லாம் குந்தியிருந்து அழுத படங்களில் அவர் இருந்தார். அண்ணனாக நடிக்கவும் அங்கே பெயருள்ள ஒருவர் வருவார், அவருக்கு ஒரு நாள்தான் வசதி.

"நல்லதுதானே" என்றேன்.

நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்வதாக அவர் நினைத்தார். அப்படியில்லை. நான் உள்ளுக்குள் வேறு யோசித்துக்கொண்டிருந்தேன். என் முகத்தை அண்ணன் கடைசியாகப் பார்த்தது நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது. இப்போது தெருவில் எதிரே வந்தாலும் அவனுக்கு அடையாளம் தெரியாது. நடிகையின் முகம் என்றால் தமிழர் இருக்கும் ஊர்களில் எல்லாம் படம் ஓடும், கடைகளிலும் பஸ்களிலும் போடுவார்கள். அவன் காணாமல் தப்ப முடியாது. என் முகம் தேவையில்லை, அந்தச் சொல் போய்ச் சேர்ந்தால் போதும்.

"ஆமை இருக்குத்தானே?" என்று கேட்டேன்.

"அதை வெட்டினா படமே இல்லை அக்கா. அது இருக்கும்" என்றார். நடிகைக்கு ஊர்ப்பேச்சைப் பழக்கித் தரமுடியுமா என்று கேட்டார். இரண்டு பக்கப் பேச்சும் தெரிந்த ஆள் நான்தான் என்றார். எனக்கு உத்தியோகம் கிடைத்தது இப்படித்தான்.

நடிகை மன்னார் டவுனில் தங்கி, காலையில் வானில் எங்கள் வீட்டுக்கு வருவார். முதல் நாள் வளவு நிறைந்து சனம். பங்குச் சுவாமியாரும் வந்து ஆசீர்வதித்துவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். மூன்று நான்கு நாட்களில் சனம் அலுத்துப்போய்த் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. சுவர் பூசாத எங்கள் முன்னறையில் ஆளுக்கொரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்போம். நடிகையைப் பிடிக்காமல் இருக்கவேண்டும் என்றுதான் நான் இருந்தேன். அதற்கு அவர் இடம் தரவில்லை. அம்மா கொடுத்த பாலில்லாத வெறுந்தேத்தண்ணியைச் சீனியைக் கடித்துக்கொண்டு குடிக்கப் பழகினார். அண்ணனைப் பற்றிக் கேட்டபோது அவரும் தலையைச் சாய்க்கவில்லை.

"ஓம்னு சொன்னா சாமி கும்புடுற மாதிரி இருக்கேம்மா" என்றார் முதல் நாள்.

"இஞ்ச ஒருத்தரும் கும்பிடுறேல்லை. வேதக்காரர் வீட்டிலயும் ஓம்தான், முஸ்லிம் ஆக்களின்ர வீட்டிலயும் ஓம்தான். சொல்லுங்கோ."

"ஓம்."

"நீங்கள் தேவாரம் பாடத் தொடங்கிற மாதிரிச் சொல்லுறியள். கெதியா, டக்கெண்டு சொல்லுங்கோ. வாயை மூடிப்போட வேணும்."

அவருக்கு "கதைக்கிறது" வந்தது, "எண்டு" வந்தது, "வாறன், போறன்" எல்லாம் வந்தன. ஆமா மட்டும் போக மாட்டேன் என்றது. சொல்ல வேண்டியதை எல்லாம் வடிவாகச் சொல்லிவிட்டு நடுவில் ஒரு ஆமாவைப் போட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார். அவரே ஒரு வழி சொன்னார். முற்றத்து விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக் கொண்டுவந்து என் கையில் தந்தார். தான் ஆமா சொன்னால் உள்ளங்கையில் அடிக்கவேண்டும்.

"ஆனா நீங்க சொன்னா நான் அடிப்பேன். அது நியாயம்தானே?"

"ஆமா" என்றேன்.

அங்கேயே முதல் அடி எனக்குத்தான் விழுந்தது. அம்மா குசினி அடுப்படியிலிருந்து சிரித்தார். அம்மா சிரித்து எத்தனையோ காலம். அம்மா முகாமில் அத்தனை வருடம் இருந்தும் ஒரு நாள்கூட ஆமா சொன்னதில்லை. கடைக்காரன் இரண்டு தரம் கேட்டால் இரண்டு தரமும் ஓம் என்றுதான் சொல்வார்.

நடிகைக்குப் பழக்கவேண்டும் என்றால் எனக்கு முதலில் வரவேண்டும். அவர் என்னோடு கதைக்கக் கதைக்க எனக்கு அந்தப் பக்கப் பேச்சு வரும், நான் அவரோடு கதைக்கக் கதைக்க அவருக்கு இந்தப் பக்கப் பேச்சு வரும். ஈர்க்கு இருவர் கையிலும் மாறி மாறி விழுந்தது. குழாயடியில் என்னைக் கண்டால், "என்ன ரீச்சர், கை காட்டும் பாப்பம்" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் சென்னையிலிருந்த மகளோடு போனில் பேசும்போதும் "ஓம்டா செல்லம், ஓம்" என்றார். மகள் அந்தப் பக்கத்தில் என்ன நினைத்தாளோ தெரியாது. கடைசிக் கிழமையில் ஈர்க்கு வேலையில்லாமல் அலுமாரிக்கு மேலே கிடந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அடி விழுவது நின்றுவிட்டது.

போன் காட்சியில் மட்டும் ஆமா சொல்லவேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அது ஏன் என்றும் தெரியும். நானே சொல்லியிருந்தேன். "அந்த ஒரு இடத்துல எனக்கு லீவு" என்று சொல்லிச் சிரித்தார்.

அண்ணனாக நடிக்க வந்தவர் காலையில் வந்து பின்னேரம் போகிற ஆள். நல்ல மனிதர். அம்மாவின் கையைப் பிடித்து, "உங்க மகன் வந்துருவார்ம்மா" என்றார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ர பிள்ளை இவ்வளவு வெள்ளை இல்லை" என்று என்னிடம் சொன்னார்.

வீட்டுத் திட்டத்தில் அரைகுறையாக நின்ற ஒரு வீட்டில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். ஒரு அறையை முகாம் பூத்தாக்கி, மஞ்சள் பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். பக்கத்து அறை கொமினிக்கேசன். இரண்டு பேரும் ஆளுக்கொரு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கதைக்க, சுவருக்கு மேலால் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும். நான் இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரிசீவர் கறுப்பு நிறம். எங்கள் பூத்தில் இருந்தது சிவப்பு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

"சாப்பிட்டியோடி?" என்றார் நடிகர்.

"ஓம்" என்றார் நடிகை.

எவ்வளவு வடிவான ஓம். கெதியாக, வாய் மூடி, அரிப்பிலேயே பிறந்து வளர்ந்தவள் சொல்வது போல. நான் பழக்கிய ஓம். அடுத்து நடிகர் ஆமையையோ என்று கேட்கவேண்டும், கேட்க வழியில்லை. தொழில் தெரிந்தவர், காட்சியை விழவிடவில்லை. "என்னடி, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று தானாகவே கேட்டார். அந்தக் கேள்வி எழுத்தில் இல்லாதது. அதைக் கேட்டதும் நடிகைக்கு மெய்யாகவே அழுகை வந்துவிட்டது. ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே அழுதார். லைட் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். டைரக்டர் கட் சொல்லக் கொஞ்ச நேரம் பிந்தியது. சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள்.

நடிகைக்கு அப்போதுதான் உறைத்தது. என் பக்கம் திரும்பினார். "ஐயோ அக்கா, ஓம் எண்டெல்லோ சொல்லிப்போட்டன்" என்று ஊர்ப்பேச்சிலேயே சொல்லி, உள்ளங்கையை என்னிடம் நீட்டினார். என்னிடம் ஈர்க்கு இருக்கவில்லை. இருந்திருந்தாலும் ஓம் சொன்னதற்கு எப்படி அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு முறை எடுக்கவேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாக நின்றார். எடுத்தார்கள்.

"சாப்பிட்டியோடி?"

"ஆமா."

வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற பெண் ஒருத்தி, "பாத்தியோ, மறந்திட்டா பாவம்" என்று பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாகச் சொன்னாள். நடிகர் எழுதியபடியே ஆமையைக் கேட்டார், சிரித்தார். எல்லாம் நடந்தது எப்படியோ அப்படியே நடந்தது. ஆனால் எனக்கே அது பிழையாகக் கேட்டது. முகாமில் வளர்ந்த ஒரு பிள்ளை சொல்லும் ஆமாவாக அது கேட்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்த பெரிய நடிகைக்கு வாய் தவறிய ஆமாவாகத்தான் கேட்டது.

நடிகரின் வான் என்ஜின் ஓடியபடி நின்றது. டைரக்டர் என்னைச் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அக்கா, நீங்கள் நடிச்சிருந்தா ஆமா ஆமாவாவே இருந்திருக்கும். உங்கட முகம் ஒருத்தருக்கும் தெரியாது, சொல்லுறதை நம்புவினம். இவவை எல்லாருக்கும் தெரியும். இவ ஆமா எண்டா, பேச்சுப் பழகத் தெரியேல்லை எண்டு சொல்லுவினம். ஆமைப் பகிடியையும், அவவுக்கு வராததை மறைக்கச் சேர்த்தது எண்டுதான் நினைப்பினம்." வான் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார். "ஆனா ஆமை இருக்கும் எண்டு நான் உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் வேணுமெண்டா ரெண்டாவதையே வைக்கிறன். நீங்கள் சொல்லுங்கோ."

என்னைச் சொல்ல வைத்ததற்காக அவர்மீது எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். எனக்கே பிழையாகக் கேட்டது அண்ணனுக்கு மட்டும் எப்படிச் சரியாகக் கேட்கும்? நடிகைக்கு நாக்குப் புரளவில்லை என்று அவனும் சிரித்துவிட்டு டீவியை மாற்றிவிடுவான். முதலாவதில் சொல் இல்லை. இரண்டாவதில் சொல் இருந்தும் இல்லை.

"முதல் எடுத்ததே நல்லம்" என்றேன்.

"மெய்யாச் சொல்லுறியளோ?"

"ஓம்."

வீட்டுக்கு வந்து அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். அழுகை வருமா என்று அடுப்படியில் கொஞ்ச நேரம் குந்தியிருந்து பார்த்தேன். சோறுதான் பொங்கி வந்தது.

படத்தை முதலில் மன்னார் டவுனில் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். நடிகை வாய் திறந்ததும் மண்டபம் முழுக்கக் குசுகுசுத்தது. "சென்னைக்காரி எண்டு ஆரும் சொல்லேலாது" என்று எனக்குப் பின்னாலிருந்தவர் சொன்னார். போன் காட்சி வந்தது. அழாதவர்கள் குறைவு. அம்மா மட்டும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆமை எங்க?"

"வெட்டிப்போட்டினம் அம்மா."

அம்மா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். முடிவில் அரிப்பு மக்களுக்கு நன்றி என்று ஒரு வரி ஓடியது. அந்த மக்களுக்குள் நானும் இருந்தேன். படம் நான் நினைத்த மாதிரியே பல நாடுகளுக்குப் போனது. டைரக்டர் இடைக்கிடை போன் எடுத்து, இன்ன ஊரில் போட்டார்கள், சனம் எழும்பி நின்று கைதட்டியது என்று சொல்வார். நடிகையின் பேச்சைத்தான் எல்லாரும் மெச்சுகிறார்களாம். எனக்குச் சந்தோசமா என்று கேட்பார். சந்தோசம் என்று சொல்வேன். நல்ல பிள்ளை, அவரை நோகடித்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம். அம்மாவும் நானும் வளவில் சாக்கை விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தோம். என் போன் அடித்தது. நீளமான இலக்கம், இந்த நாட்டு இலக்கம் இல்லை. கையெல்லாம் உப்பு. பாவாடையில் துடைத்துவிட்டு எடுத்தேன். ஒரே இரைச்சல். காற்றடிப்பது போல, ஆட்கள் தூரத்தில் கதைப்பது போல. அதற்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"ஹலோ? கதைக்கிறது கேக்குதோ?"

"ஓம்" என்றேன். "ஓம், கேக்குது. ஆர்?"

அந்தப் பக்கத்தில் சற்று நேரம் ஒன்றும் இல்லை. இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. லைன் அறுந்ததா, வைத்துவிட்டார்களா, தெரியாது. நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். விளங்காத ஒரு மொழியில் ஒரு பெண் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இலக்கத்தை டைரக்டருக்கு அனுப்பினேன். அவரும் முயன்றுவிட்டு, கிடைக்கவில்லை என்றார்.

அது அண்ணனாக இருந்திருக்காது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் இலக்கம் மாறி எடுப்பது எங்கள் ஊரில் புதினம் இல்லை. லைன் சரியில்லாவிட்டால் யார் எடுத்தாலும் கேக்குதோ என்றுதான் கேட்பார்கள். இதையெல்லாம் எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அன்று, நான் போனைக் காதிலிருந்து எடுத்ததுமே, அம்மா சாக்கில் குனிந்தபடியே, "ஆர் பிள்ளை?" என்று கேட்டார்.

"தெரியேல்லை. கேக்குதோ எண்டு ஒரு ஆள் கேட்டது. பிறகு கட்டாகிப்போச்சு."

அம்மாவின் கை நின்றது.

"நீ என்னெண்டு சொன்னனி?"

"ஓம் எண்டு."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கையில் வைத்திருந்த மீனை மறுபக்கம் பிரட்டிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.